பல்லில்லாமல் பனியைக் கடிக்கும் டயர்

பனிச்சாலையில் வண்டி கிளம்ப மறுத்தால் தப்பித்தோம் என்று வீட்டுக்குள் போய்விடலாம். கிளம்பிய வண்டி நிற்க மறுத்தால்தான் வம்பு. காய்ந்த தார்ச்சாலையில் டயருக்குக் கிடைக்கும் பிடியில் மூன்றில் ஒரு பங்கு, இறுகிய பனிமேல் கிடைத்தாலே பெரிய விஷயம். கண்ணாடிபோல் உறைந்த பனிக்கட்டியில் எட்டில் ஒரு பங்குகூடத் தேறாது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப் இருக்கிறதே என்று நெஞ்சை நிமிர்த்துபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பிரேக் எல்லா வண்டிகளிலும் நான்கு சக்கரங்களுக்கும்தான் இருக்கிறது.

இதற்கு முதலில் கண்டுபிடித்த மருந்து இரும்பு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட், 1904இல் டயர்ச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். வண்டியின் கனம் முழுக்க ஒருசில கண்ணிகள்மேல் இறங்குவதால் அவை பனியைக் குத்திக்கொண்டு உள்ளே போகின்றன. எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறதோ அதில்தான் மாட்ட வேண்டும். உட்பக்கக் கொக்கியை முதலில், வெளிப்பக்கக் கொக்கியை அடுத்து மாட்டி, சில மீட்டர் உருட்டி, இறங்கி மறுபடி இறுக்க வேண்டும். மரத்துப்போன விரல்களோடு சாலையோரத்தில் குந்தி இதைச் செய்வது ஒரு தண்டனைதான். மாட்டிய பிறகும் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பனி தீர்ந்து தார் தெரிந்த உடனே கழற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் சாலையும் பாழ், சங்கிலியும் பாழ்.

அடுத்த வழி, டயரையே மாற்றுவது. 1934இல் ஃபின்லாந்து நிறுவனம் ஒன்று (இன்றைய நோக்கியன்) லாரிகளுக்கென்று பனிக்கால டயரைக் கொண்டுவந்தது. சூட்சுமம் ரப்பரின் குணத்தில் இருக்கிறது. சாதாரண டயரின் ரப்பர், குளிர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போதே விறைக்கத் தொடங்கிவிடும். பனிக்கால டயரில் சிலிக்கா முதலியவற்றைக் கலந்து, உறைகுளிரிலும் இளக்கம் போகாமல் செய்கிறார்கள். நம்மூர் மெக்கானிக்குகள் பட்டன் என்பார்களே, அந்த மேடுகள் ஒவ்வொன்றிலும் சன்னமான கீறல்கள் இருக்கும். தரையைத் தொடும்போது அவை விரிந்து விளிம்பு விளிம்பாகப் பனியைப் பிறாண்டும். பட்டன் இடுக்கில் அப்பிய பனியும் வீணில்லை. உருண்டை பிடிக்கும்போது பனியோடு பனி ஒட்டுவதுபோல, அது தரைப்பனியைப் பற்றிக்கொள்ளும்.

கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்த டயர் சட்டப்படி கட்டாயம். மொண்ட்ரியால் தமிழர்களின் கார்களும் இதற்கு விலக்கல்ல.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு: டயரில் இரும்பு ஆணி பதிப்பது. பனிக்கட்டியில் இதன் பிடி அபாரம். ஆனால் ஜப்பானில் அது வேறொரு வினையைக் கொண்டுவந்தது. பனி உருகிய நாட்களில் ஆணிகள் வெறும் தாரைச் சுரண்ட, செண்டாய் போன்ற நகரங்களில் தூசு மண்டியது. மக்கள் மூச்சுவிடத் திணறினார்கள். 1990இல் ஆணி டயருக்கு எதிராகச் சட்டமே வந்தது.

அதற்குள் மாற்று தயாராகியிருந்தது. பனிக்கட்டி வழுக்குவதற்கு முக்கியக் காரணம் அதன்மேல் படரும் மெல்லிய நீர்ப்படலம். கடுங்குளிரைவிடப் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய நாட்களில் வழுக்கல் கூடுவதும் அதனால்தான். 1988இல் பிரிட்ஜ்ஸ்டோன் கொண்டுவந்த பிளிசாக் டயரின் ரப்பருக்குள் நுண்குமிழ்கள் இருந்தன. டயர் தேயத் தேயக் குமிழ்கள் வாய்திறந்து அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

தூசு அடங்கியது. சாலைகள் மட்டும் வேறுவிதமாகப் பழிதீர்த்தன. முன்பு ஆணிகள் கீறிச் சொரசொரப்பாக்கிய பனியை, ஆணியில்லாத டயர்கள் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டன. நடந்து போகிறவர்கள்தான் அதிகம் வழுக்கி விழுந்தார்கள். சப்போரோ நகரத்து நாற்சந்திகளில் இப்போது மணல் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். தெருவைக் கடக்கிற யார் வேண்டுமானாலும் ஒரு பையை எடுத்துப் பனிமேல் தூவிவிட்டு நடக்கலாம்.