மிதக்கும் பனி உருகினால் கடல் உயருமா?

குவளை நீரில் மிதக்கும் பனிக்கட்டி முற்றாக உருகினாலும் நீர்மட்டம் உயர்வதில்லை. ஆக்கிமிடீசின் தத்துவத்தைப் பயின்ற மாணவர் யாவரும் இதனை அறிவர். அவ்வாறாயின் துருவப் பனி உருகுவதையிட்டு அஞ்சுவானேன் என்று நம்மிடம் சிலர் வினவுகின்றனர். வினா நியாயமானதே. (உப்புநீரிற் சிறிது வேறுபாடுண்டு, அதனை விடுவோம்.)

அந்தாட்டிக்கக் குடாநாட்டின் கரையையொட்டி மிதந்த லார்சன் பி என்னும் பனித்தட்டு 200 மீற்றருக்கு மேற்பட்ட தடிப்புடையது. பத்தாயிரம் ஆண்டுகளேனும் நிலைத்திருந்த அது, 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஏறக்குறைய ஒரு மாதத்தினுள் 3,250 சதுர கிலோமீற்றர் அளவுக்கு நொறுங்கிப் போயிற்று.

வெறும் உருகலால் இத்துணை விரைவு கைகூடாது. காற்றிற் காபனீரொட்சைட்டு மிகின் புவி சூடேறும் என்பதைச் சுவீடிய விஞ்ஞானி அரீனியசு 1896இலேயே கணித்திருந்தார். அக்குடாநாடோ 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஏறத்தாழ 2.5 பாகை வெப்பமுற்றது. கோடையிற் பனியின்மேல் நீர்க்குட்டைகள் தோன்றின. பனிக்கட்டியிலும் அடர்த்தி கூடிய அந்நீர் வெடிப்புகளுள் இறங்கி, விறகு பிளக்கும் ஆப்புப்போல அடிவரை பிளந்து சென்றது.

தட்டு உடைந்தமையாற் கடல்மட்டம் உயர்ந்துவிடவில்லை. ஆயின் தரையிலிருந்து இறங்கும் பனியாறுகளுக்கு அதுவே தடைச்சுவராக நின்றது. சுவர் வீழ்ந்ததும் அவற்றின் வேகம் இரண்டு முதல் ஆறு மடங்காயிற்று. தரைப்பனி கடலில் இறங்குதல், குவளைக்குப் புறத்தேயிருந்து புதிய கட்டியை இடுதலை ஒக்கும். உருகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, விழுந்த கணமே மட்டம் உயரும்.

மேற்கு அந்தாட்டிக்காவின் துவைற்சுப் பனியாறு ஒன்றிலேயே உலகக் கடல்மட்டத்தை அரை மீற்றருக்கு மேல் உயர்த்தவல்ல பனி உண்டு. அதன் முன்னுள்ள மிதக்கும் தட்டிலும் வெடிப்புகள் பெருகி வருகின்றன.