நூலகருக்கு நிரல்மொழி எதற்கு?

நூலகப் பணிக்கு வாசிப்பும் பொறுமையும் போதும், கணனியை மென்பொருள் விற்பவர் பார்த்துக்கொள்வார் என்று எம்மவர் சிலர் வாதிடுகின்றனர். தமிழைப் பொறுத்தவரை இவ்வாதம் நிற்காது என்பதே எனது கருத்து.

முதலில் அகரவரிசை. எமது நெடுங்கணக்கில் ற, ன இரண்டும் கடைசி எழுத்துக்கள். யூனிகோட் அட்டவணையிலோ 'ன' என்பது 'ப'வுக்கு முன்னும், 'ற' என்பது 'ல'வுக்கு முன்னும் நிற்கின்றன. குறியீட்டு எண்களை மட்டும் பார்த்து அடுக்கும் கணனி 'கனவு' என்ற தலைப்பைக் 'கபிலர்' என்பதற்கு முன்னால் வைத்துவிடும். எந்தத் தமிழ் அகராதியும் அப்படி வைக்காது. சரியான வரிசைக்கான விதிகள் இன்று கிடைக்கின்றன. ஆனால் தமது பட்டியலில் அவை இயங்குகின்றனவா என்று பார்க்கவும், இல்லையெனில் இயக்கவும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது இதைவிடப் பாரதூரமானது. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சான புகலிட எழுத்துக்கள் ஏராளம். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். பாமினியில் 'கெ' என்று எழுத ஒற்றைக்கொம்பை முதலில் தட்டுகிறோம். யூனிகோடில் 'க' முதலில் வர வேண்டும். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது, இடமும் மாற்ற வேண்டும். இதைச் செய்யும் மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் ஒரே பந்தியில் தமிழும் ஜேர்மனும் கலந்திருந்தால், அவை ஜேர்மன் சொற்களையும் பொருளற்ற தமிழாக்கிவிடும். எழுத்துரு மாறும் இடத்தைக் கவனித்து, தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்றும்படி பைதனில் எழுதலாம். ஆயிரம் கோப்புகள் இருந்தால் கையால் திருத்த ஓர் ஆயுள் போதாது.

1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக 'மார்க்' பட்டியல் வடிவத்தை உருவாக்கிய ஹென்றியட் அவ்ராம் நூலகராகப் பயின்றவரல்லர், கணனி நிரலாளர். அவர் பட்டியலாக்கத்தைக் கற்றே அதைச் சாதித்தார். எதிர்த்திசையில் நூலகரும் பாதி தூரம் நடக்க வேண்டாமா? 2005 இல் தொடங்கிய எமது நூலகம் திட்டம் மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளின் மேல்தான் வளர்ந்தது.

நான் வாழும் லைப்சிக்கில் 1912 இல் நிறுவப்பட்ட நூலகம் இன்று ஜேர்மன் தேசிய நூலகத்தின் ஓர் அங்கம். ஜேர்மனியில் வெளியாகும் அச்சுப் படைப்புக்களை, எம்மொழியில் இருப்பினும், சேகரிப்பது அதன் சட்டக் கடமை. எமது சஞ்சிகைகளும் இதில் அடங்கும். ஆனால் பிரதி பத்திரமாக இருப்பது வேறு, தேடுபவர் கையில் அகப்படுவது வேறு.

எல்லோரும் நிரலாளராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒருகாலத்தில் விரிவுரையாளனாக இருந்த நான் இன்று ஆலையில் இயந்திரத்தின் முன் நிற்கிறேன். அதை வடிவமைக்க எனக்குத் தெரியாது. ஏன் நின்றது என்று சொல்லத் தெரியும். நூலகரிடம் நான் எதிர்பார்ப்பதும் அவ்வளவே. ஐம்பதைக் கடந்த பின், ஓய்வுநாட்களில் நான் கற்ற பைதனே அதற்குப் போதுமாக இருக்கிறது.

1981 இல் யாழ் பொது நூலகத்தைத் தீ வைத்து அழித்தார்கள். எமது கோப்புகள் அழிய யாரும் தீ வைக்க வேண்டியதில்லை. திறக்கத் தெரிந்தவர் இல்லாமல் போனாலே போதும். மாற்றுக் கருத்துள்ளோர் எழுத வேண்டும்.