அறையில் சிக்கிய தோட்டாக் கூடு

ஜான் பிரௌனிங் என்னும் அமெரிக்கர் வகுத்து, 1911-ஆம் ஆண்டில் அந்நாட்டு ராணுவம் சுவீகரித்த கைத்துப்பாக்கியில், குண்டு பாய்ந்தவுடன் மேற்பாகம் பின்னோக்கிச் சறுக்க, அதனுள் பொதிந்த எஃகுக் கொக்கி, காலியான பித்தளைக் கூட்டை விளிம்பில் பற்றி தோட்டா வெடிக்கும் அறையிலிருந்து இழுத்துவிடுகிறது. சில சமயம் கூடு அறையிலேயே தங்கிவிட, அடுத்த தோட்டா அதன்மேல் முட்டி யந்திரம் ஸ்தம்பித்துவிடும்.

எடுத்தவுடனே தோட்டாவைப் பழிப்பது அவசரம். துப்பாக்கியை ஆபத்தற்ற திசையில் நீட்டி, தோட்டாப் பெட்டியைக் கழற்றி, சிக்கியது காலிக் கூடுதான் என்று நிச்சயித்த பிறகு, அதை வெளியே எடுத்து விளிம்பைப் பரீட்சிக்க வேண்டும். விளிம்பு கிழிந்திருந்தால் கொக்கி தன் கடமையைச் செய்திருக்கிறது. குற்றம் பெரும்பாலும் அழுக்கேறிய, சொரசொரப்பான அறையினுடையது. விளிம்பு பழுதற்றிருந்தாலோ, கொக்கி தேய்ந்தோ, அதனடியில் கரி படிந்தோ, பிடி தளர்ந்தோ வழுக்கியிருக்க வேண்டும்.

இத்துப்பாக்கியின் விசேஷம், கொக்கிக்குத் தனி ஸ்பிரிங் இல்லாமல், ஒரே எஃகுத் துண்டு கொக்கியாகவும் ஸ்பிரிங்காகவும் அமைந்திருப்பதே; ஆகையால், தோட்டாவைக் கையாலேயே அறையில் இட்டு மேற்பாகத்தை மூடும் வழக்கம், கொக்கியை விளிம்பின்மேல் பலவந்தமாக ஏறச் செய்து, நாளடைவில் அதன் சக்தியைக் குன்றச் செய்கிறது. பயிற்சியும் உரிமமும் பெற்று இதைக் கையாள்பவர்கள், தோட்டா பெட்டியிலிருந்தே ஏறும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.