நூற்றுக்கு 96 சரி: அப்படியென்றால் கையிலுள்ள சீட்டு?

கரியாஹாட் சந்தையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ரஜனி சென் ரோடு இருக்கிறது. சத்யஜித் ராய் 1965-ல் படைத்த துப்பறியும் ஃபெலுதா கதைகளில் குடியிருக்கும் தெரு அது. 2020-ல் கொரோனா பரவியபோது, டெல்லியிலுள்ள மத்திய அரசு ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் தாங்கள் கண்டுபிடித்த பரிசோதனைக்கு ‘ஃபெலுதா’ என்றே பெயர் சூட்டினார்கள்.

அந்தச் செப்டம்பரில் அதற்கு அரசு அனுமதி கிடைத்தது. நோயுள்ள 100 பேரில் 96 பேரை அது கண்டுபிடிக்கும்; நோயில்லாத 100 பேரில் 98 பேரை ‘இல்லை’ என்று விட்டுவிடும் என அறிவிக்கப்பட்டது. முதல் கணக்கை ‘உணர்திறன்’ என்றும், இரண்டாவதைத் ‘தனித்தன்மை’ என்றும் சொல்வார்கள்.

சரி, சோதனையில் ‘உண்டு’ என்று வந்தவருக்கு நோய் இருப்பது 96 சதவீதம் உறுதியா? இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

10,000 பேரில் 100 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். 96 பேர் பிடிபடுவர். மீதி 9,900 பேரில் 2 சதவீதம், அதாவது 198 பேருக்கும் ‘உண்டு’ என்றே சீட்டு வரும். ஆக 294 சீட்டுகளில் மெய்யானவை 96 மட்டும், மூன்றில் ஒன்றுதான்! அதே ஊரில் 2,000 பேருக்கு நோய் பரவியிருந்தால், 2,080 சீட்டுகளில் 1,920 மெய்யாகும். சோதனை மாறவில்லை, ஊரில் நோயின் அளவுதான் மாறியது.

‘இல்லை’ என்ற சீட்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அதே ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதித்துப் பார்த்த ஒரு துரித ஆன்டிஜன் பரிசோதனையின் உணர்திறன் 50.6 முதல் 84 சதவீதம் வரைதான் இருந்தது. ஆகவே, காய்ச்சல், இருமல் இருந்தும் ‘இல்லை’ என்று வந்தவர்களுக்கு ஆர்.டி.பி.சி.ஆர். செய்தே தீரவேண்டும் என்று கழகம் சொன்னது. காசநோய்க்கு எதிர்ப்பொருள் பார்க்கும் ரத்தப் பரிசோதனைகளும் நம்பத்தகாதவை என்று கண்டு, 2012-ல் மத்திய அரசு அவற்றைத் தடை செய்தது.

தவறான ‘உண்டு’, சம்பளமில்லாத லீவையும் வேண்டாத மருந்தையும் தரும். தவறான ‘இல்லை’, ஒரே அறையில் தங்கும் நான்கு பேருக்கும் நோயைத் தரும். ஆகவே, சீட்டோடு டாக்டரிடம் போகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்பது நல்லது: “எனக்குள்ள அறிகுறிகளோடு இது பொருந்துகிறதா? உறுதிசெய்ய வேறு பரிசோதனை உண்டா?”