ஒரு கணத்தின் வேகம்

சமஸ்தான காலத்தில், 1880ஆம் ஆண்டில், கல்லூரியாக உயர்ந்த புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலும், பிற்காலத்தில் தோன்றிய அரசு மகளிர் கல்லூரியிலும் கணிதத்தைப் பிரதான பாடமாக ஏற்று, அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம், பொன்னமராவதி முதலிய பக்கங்களிலிருந்து காலைப் பஸ்ஸில் வந்து சேரும் மாணவ மாணவியரை முதலாண்டிலேயே எதிர்கொள்வது நுண்கணிதம் என்னும் சாஸ்திரம். அதன் சூத்திரங்கள் அவர்களுக்குப் புதியவை அல்ல. மேல்நிலைப் பள்ளியிலேயே வகையிடவும் தொகையிடவும் பழகி, ஒரு மாறியின் வர்க்கத்துக்கு வகைக்கெழு அம்மாறியின் இருமடங்கு என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்களாகவே வருகிறார்கள். நாராயணனும் மாணிக்கவாசகம் பிள்ளையும் எழுதி, தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவரும் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, தொடர் வகையிடல், லைப்னிட்ஸ் தேற்றம், வளைவு ஆரம் என்று கணக்குகளை வரிசையாகப் போட்டுத் தேர்விலும் தேறிவிடுவார்கள். ஆயினும், அந்த இருமடங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தயங்கி நிற்பவர் பலர். அந்தத் தயக்கம் புத்திக் குறைவின் அடையாளமன்று என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

ஐப்பசி அடைமழையில் கவிநாட்டுக் கண்மாய்க்கு வரத்து வாய்க்கால் வழியே வெள்ளம் வருவதாக வைத்துக்கொள்வோம். நீர் வரத் தொடங்கிய பின் கழிந்த மணிகளின் வர்க்கம் எவ்வளவோ அவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்றும் கற்பனை செய்துகொள்வோம். மூன்றாம் மணி முடிவில் 9 பங்கு. நான்காம் மணி முடிவில் 16 பங்கு. அந்த ஒரு மணி நேரத்தில் வரத்தின் சராசரி வேகம் 7. சரி, மூன்றாம் மணி முடிந்த அந்தக் கணத்தில் வேகம் என்ன? கால இடைவெளியைச் சுருக்கிப் பார்க்கலாம். 3.1 மணியில் சேர்ந்திருப்பது 9.61 பங்கு, ஆகவே சராசரி 6.1. இடைவெளியை 0.01 ஆக்கினால் 6.01, 0.001 ஆக்கினால் 6.001. இவ்வெண்கள் 6 என்ற எண்ணை நாடிச் செல்வது கண்கூடு. 3இன் இருமடங்கு 6 என்ற சூத்திரம் பிறக்கும் இடம் இதுவே.

ஆனால் கூர்ந்து நோக்கும் மாணவிக்கு இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். இடைவெளியால் வகுக்கும்போது அது பூஜ்யமல்ல என்று கொண்டோம்; விடை, 6உடன் அந்த இடைவெளியைக் கூட்டியதாக வந்தது; பிறகு அதே இடைவெளியைப் பூஜ்யமென்று சொல்லி நீக்கிவிட்டோம். ஒரே பொருள் ஒரு வரியில் இருந்தும் அடுத்த வரியில் இல்லாமலும் போவது எந்த நியாயத்தில்? அயர்லாந்தில் பிஷப்பாக இருந்த பெர்க்லி 1734இல் அச்சிட்ட நூலில் எழுப்பிய ஆக்ஷேபமும் இதுதான். நியூட்டன் 1665, 1666ஆம் ஆண்டுகளில், பிளேக் நோய்க்காகக் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டிருந்த காலத்தில், இக்கணிதத்தின் அடிப்படைகளைக் கண்டிருந்தார். லைப்னிட்ஸ் 1684இல் தம் முறையை வெளியிட்டார். கிரகங்களின் கதியையும் அதிரும் தந்தியின் வடிவையும் அடுத்த தலைமுறைகள் இதைக் கொண்டே கணித்தன. விடைகள் சரியாக இருந்தன. அவை ஏன் சரி என்பதற்கு ஐயமற்ற சமாதானம் மட்டும் கிடைக்கவில்லை. பாரிஸில் பொறியியல் பயில வந்த இளைஞர்களுக்குப் பாடம் நடத்திய கோஷி, அப்பாடங்களை 1821இல் நூலாக்கியபோதுதான் எல்லை என்ற கருத்து அஸ்திவாரமாக வைக்கப்பட்டது. அதைத் துல்லியப்படுத்தியவர், வெகுகாலம் பள்ளி ஆசிரியராக இருந்து பின்னர் பெர்லின் பேராசிரியரான வயர்ஸ்ட்ராஸ். இடைவெளியைப் பூஜ்யமாக்க வேண்டியதே இல்லை என்பது அவர்கள் தந்த விடை. நீங்கள் எவ்வளவு சிறிய பிழையைக் குறிப்பிட்டாலும், இடைவெளியைப் போதிய அளவு குறுக்கி, சராசரி வேகத்துக்கும் 6க்கும் உள்ள வித்தியாசத்தை அப்பிழைக்குள் அடக்கிக்காட்ட முடியும். 6 எல்லை என்பதற்கு அவ்வளவே பொருள்.

மகா மேதைகள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பிரயாசைப்பட்டுத் தெளிந்த விஷயத்தை, நம் பாடத்திட்டம் முதற்பருவத்தில் சில வகுப்புகளில் கடந்துவிடுகிறது. ஆசிரியர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. பாடப்பகுதிகளை முடிக்க வேண்டிய நெருக்கடியை அவர்களே நன்கறிவார்கள். எனினும், எல்லையின் வரையறையைக் கரும்பலகையில் எழுதுமுன், பெர்க்லியின் கேள்வியை மாணவர் வாயிலிருந்தே வரவழைத்துவிட்டால், அவ்வரையறையில் வரும் கிரேக்க எழுத்துகள் அவர்களை மிரட்டமாட்டா என்பது என் திடமான அபிப்பிராயம். கேள்வி பிறவாத மனத்தில் அந்த வரையறை வெறும் மனப்பாடமாகவே தங்குகிறது.

எல்லைக் கருத்தோடு நெருங்கிய உறவுடைய, முடிவிலாத் தொடர்களைக் கூட்டும் வித்தை நம் பக்கத்திலும் வளர்ந்தது. சங்கமகிராமத்து மாதவனின் வழிவந்த கேரளக் கணிதர்கள் அடைந்த முடிவுகளை, ஜ்யேஷ்டதேவர் 1530ஐ ஒட்டிய காலத்தில் யுக்திபாஷை என்ற மலையாள நூலில் காரணங்களுடன் எழுதிவைத்தார். முதலாண்டு வகுப்பில் இதற்கும் சற்று இடம் கொடுக்கலாம்.

தொகையீடு வரும்போது மீண்டும் கண்மாய்க்கே போகலாம். இப்போது கேள்வி தலைகீழானது: ஒவ்வொரு கணத்திலும் வரத்தின் வேகம் தெரியும், மொத்தம் சேர்ந்த நீர் எவ்வளவு? காலத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கி, வேகத்தைத் துண்டின் நீளத்தால் பெருக்கிக் கூட்டி, துண்டுகளைக் குறுக்கிக்கொண்டே போனால் விடை வரும். கண்மாயின் கொள்ளளவை மதிப்பிடும் பொறியாளரும், வெவ்வேறு நீர்மட்டங்களில் பரப்பை அளந்து, அடுக்கடுக்காகக் கூட்டியே கணக்கிடுகிறார். வகையிடலும் தொகையிடலும் ஒன்றையொன்று நேரெதிராக மீட்பவை என்ற அடிப்படைத் தேற்றம், கரையில் நிற்பவருக்கு இயல்பாகவே விளங்கும்: வேகங்களைத் தொகுத்தால் சேர்ந்த நீர், சேர்ந்த நீரின் மாற்றத்தைக் கணந்தோறும் கண்டால் மீண்டும் வேகம். இவ்விரு பகுதிகளும் வெவ்வேறு பருவங்களில், வெவ்வேறு தாள்களாக வந்துவிட்டால், மாணவர்கள் அவற்றை உறவில்லாத இரண்டு சூத்திரப் பட்டியல்களாக எண்ணிக்கொள்ள இடமுண்டு; ஆகவே, முதற்பருவத்தின் முதல் வாரத்திலேயே இத்தேற்றத்தை நிரூபணமின்றியேனும் ஒருமுறை சொல்லிவைப்பது உத்தமம்.