வாழை லோடு: சொந்த லாரியா, ஒப்பந்தப் போக்குவரத்தா?

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்தும் வாழை விவசாயிகள் கூடினால், 'நாமே ஒரு லாரி வாங்கினால் என்ன?' என்ற பேச்சு எழாமல் இருக்காது. லோடுக்கு லோடு வாடகை கொடுத்து அலுத்தவர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்புதான். வாங்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தேனியிலிருந்து சென்னை சுமார் 500 கி.மீ. போக வர 1,000 கி.மீ. லாரி லிட்டருக்கு 5 கி.மீ. தருவதாகவும் டீசல் 90 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், எரிபொருளுக்கு மட்டும் 18,000 ரூபாய். 10 டன் ஏற்றினால் கிலோவுக்கு 1.80 ரூபாய், 6 டன்தான் சேர்ந்தது என்றால் 3 ரூபாய். ஓட்டுநர் சம்பளம், சுங்கக் கட்டணம், டயர், காப்பீடு இதில் சேரவில்லை. அறுவடை இல்லாத வாரத்திலும் வங்கித் தவணை நிற்காது. லாஜிஸ்டிக்ஸ் நிறுவனமோ ரிட்டர்ன் லோடு பிடித்துத் திரும்புகிறது. ஆண்டு முழுவதும் லோடு இல்லாத குழுவுக்குச் சொந்த லாரி வேண்டாம் என்பதே என் கருத்து. தோட்டத்திலிருந்து பேக்கிங் கூடம் வரை ஓட ஒரு மினி லாரி போதும்.

வெளிமாநிலத்துக்கோ துறைமுகத்துக்கோ ஜி-9 ரகத்தைக் குளிர் கன்டெய்னரில் அனுப்புபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வண்டியிலுள்ள குளிர்சாதனம், ஏற்கெனவே குளிர்ந்த காயை அதே நிலையில் வைத்திருப்பதற்குத்தான். வெயிலில் வெட்டிய தாரின் சூட்டை விரைவாக இறக்கும் திறன் அதற்குக் கிடையாது. காலையிலேயே வெட்டி, சீப்புப் பிரித்து, பால் போகக் கழுவி, பெட்டியிலிட்டு, முன்குளிரூட்டும் அறையில் 13 முதல் 14 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவந்த பிறகே ஏற்ற வேண்டும். இது நம் வேலை. வழிநெடுக அந்த அளவைக் காப்பது அவர்கள் வேலை.

13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தோல் மங்கிச் சாம்பல் பூக்கும். சீராக மஞ்சள் ஏறாது. இறக்கும்போது இந்தக் கேடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. பழுக்க வைத்த பிறகுதான் தெரியும். அப்போது 'காயே சரியில்லை' என்று பழி தோட்டத்தின் மேல் விழும், பணமும் பிடிக்கப்படும். ஆகவே ஏற்றும்போது நடுப்பெட்டிக் காயில் ஊசி வெப்பமானியைச் செருகி, காட்டும் அளவை எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். பெட்டிகளுக்கிடையே ஒரு வெப்பநிலைப் பதிவுக் கருவியும் போகட்டும். அந்தப் பதிவு இல்லாமல் இழப்பீடு கேட்பது வீண் வாக்குவாதம்தான்.

பலர் கிலோ வாடகையை மட்டும் பேசி முடித்துவிடுகிறார்கள். வண்டி எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும், தாமதமானால் வாடகையில் எவ்வளவு பிடித்தம், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, பொதுச் சரக்குப் போக்குவரத்து நடத்துபவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவெண்ணைக் கேளுங்கள். இழப்புக்கு வழக்குத் தொடர, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் தந்திருக்க வேண்டும். இன்னொன்று: கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால், இழப்பீடு ஒரு வரம்புக்கு மேல் கிடைக்காது. முழு லோடும் போனாலும் முழுப்பணமும் வரும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

'விற்பனையையும் வசூலையும் சேர்த்து நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். வாங்குபவருடன் விலை பேசுவது உங்கள் அலுவலகமாகவே இருக்கட்டும். எடைச்சீட்டும் பணமும் நேராக அங்கேயே வரட்டும். எடுத்த எடுப்பில் ஆண்டு ஒப்பந்தம் வேண்டாம். ஒரே ஊருக்கு நான்கைந்து லோடு அனுப்பி, ஏற்றிய எடை, இறக்கிய எடை, கழிவு, வண்டி வந்த நேரம் ஆகியவற்றை நோட்டில் குறித்துவையுங்கள். வாடகை பேச உட்காரும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.