விசுவாசத்தின் முதல் ஆசிரியர்கள்

கிறிஸ்தவப் பிள்ளைகளின் சமயக் கல்வி ஆலயத்துக்கும் ஞாயிறு பள்ளிக்கும் உரிய பணி எனக் கருதுவோர் உண்டெனினும், திருச்சபையின் மரபு அப்பணியை முதலில் பெற்றோரிடமே ஒப்படைத்துள்ளது. பழைய ஏற்பாட்டின் ஐந்தாம் நூலான உபாகமம், கடவுளின் கட்டளைகளை வீட்டில் இருக்கையிலும் வழி நடக்கையிலும் படுக்கையிலும் எழுகையிலும் பிள்ளைகளிடம் பேசுமாறு பணிக்கிறது. எனவே அக்கல்வி ஒரு வகுப்பு நேரத்துக்குள் அடங்குவதன்று. புதிய ஏற்பாட்டில் பவுல், தம் உடன் ஊழியரான தீமோத்தேயுவின் விசுவாசம் அவருடைய பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முன்பே இருந்ததாக நினைவுகூர்கிறார்.

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதிச் சபைகளைப் பார்வையிட்டு, மக்கள் அடிப்படை உபதேசங்களைக்கூட அறியாதிருந்ததைக் கண்ட திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர், 1529-இல் சிறிய ஞானோபதேசம் என்னும் நூலை வெளியிட்டார். ஞானோபதேசம் என்பது விசுவாசத்தின் சாரத்தை வினாவிடையாகக் கற்பிக்கும் கையேடு. பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் ஆகியவற்றைக் குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டும் என்பதே அதன் அமைப்பு. காலை, மாலை ஜெபங்களும் உணவு வேளை ஜெபங்களும் அதில் இடம்பெற்றன. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு இந்நூலைத் தமிழில் மொழிபெயர்த்தார். கத்தோலிக்கத் திருச்சபையும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1964-ஆம் ஆண்டு ஏட்டில் குடும்பத்தை இல்லத் திருச்சபை எனக் குறிப்பிட்டு, பெற்றோரே தம் சொல்லாலும் முன்மாதிரியாலும் பிள்ளைகளுக்கு விசுவாசத்தை முதலில் அறிவிப்பவர்கள் என்கிறது.

குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிக்கும் சபைகளில், பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அக்குழந்தையை விசுவாசத்தில் வளர்ப்பதாக வாக்களிக்கின்றனர்; வளர்ந்த பிள்ளை அவ்விசுவாசத்தைத் தன்னுடையதாக அறிக்கையிடும் சடங்கைத் தென்னிந்தியத் திருச்சபை திடப்படுத்தல் என்கிறது. பாப்திஸ்து, பெந்தெகொஸ்தே சபைகளிலோ குழந்தையை ஜெபத்தோடு கடவுளுக்கு அர்ப்பணித்து, அது வளர்ந்து தானே விசுவாசத்தை அறிக்கையிட்ட பின்னரே ஞானஸ்நானம் அளிக்கின்றனர். முறைகள் வேறுபடினும், பெற்றோரின் வளர்ப்பும் பிள்ளையின் சொந்த முடிவும் இரண்டிலும் எதிர்பார்க்கப்படுகின்றன.

ஆகவே பெற்றோரின் அதிகாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பிள்ளைகளைக் கோபமூட்டாமல் வளர்க்குமாறு எபேசியர் நிருபம் தந்தையரை எச்சரிக்கிறது. தாய் மோனிக்கா கண்ணீரோடு பல்லாண்டு ஜெபித்தும், பின்னாளில் திருச்சபையின் பெரும் இறையியலாளரான அகுஸ்தீன் தம் முப்பதுகளில், 387-இல்தான் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். குடும்ப ஜெபமும் வேத வாசிப்பும் விசுவாசத்துக்கு வழிகாட்டுமேயன்றி அதைத் திணிக்க இயலாது. ஜெபத்தில் சொல்லும் அன்பையும் நேர்மையையும் மன்னிப்பையும் வீட்டில் வாழ்ந்து காட்டும் பெற்றோரே, தாம் அளித்த வாக்கை நிறைவேற்றியவர் ஆவர்.